நானூறு லிட்டர் கடல்

காலையில் எண்ணிப் பார்த்தபோது நத்தைகள் ஏழுதான் இருந்தன. முந்தின நாள் எட்டு. எட்டாவது நத்தையின் ஓடு மட்டும் மணலில் கிடந்தது. உச்சியில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே சதை துளிகூட இல்லை, யாரோ கழுவித் துடைத்து வைத்தது போல.

அவன் எண்ணிக்கையில் தப்புகிறவன் இல்லை. அலுவலகக் கட்டடங்களுக்குப் போய், தீயணைப்புக் கருவிகள் ஒழுங்காக இருக்கின்றனவா, அவசர வழியை யாராவது பழைய நாற்காலி போட்டு அடைத்திருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவன் பிழைப்பு. சினிமாவுக்குப் போனாலும் வெளியேறும் கதவு எது என்று பார்த்த பிறகுதான் படத்தைப் பார்ப்பான். மச்சான் அவனுக்கு 'முன்ஜாக்கிரதை' என்று பெயர் வைத்திருந்தான். அப்படிக் கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வராது, உள்ளுக்குள் பெருமைதான்.

ஹாலில் இருக்கும் அந்தக் கடல்மீன் தொட்டியையும் அதே லட்சணத்தில்தான் அமைத்தான். மனைவி பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருந்த ஐந்து மாதமும் இதே வேலை. நானூறு லிட்டர் தண்ணீரை ஹால் தரை தாங்குமா என்று ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து கேட்டான். மேசையின் நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். சுத்திகரித்த நீரில் உப்பைக் கொட்டி, ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டு, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வந்துவிட்டதா என்று அளந்தான். கடலடியில் கிடந்து, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் ஜீவன்கள் குடியேறிய பாறைகளை வாங்கிவந்து அடுக்கினான். அப்புறம் ஆறு வாரம் வெறும் கல்லும் தண்ணீரும்தான். செத்த இறால் ஒன்றைப் போட்டு அழுகவிட்டு, அம்மோனியா நஞ்சு ஏறி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்து, தண்ணீர் மீன் வாழப் பக்குவமாகும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். அதற்குப் பிறகே நத்தைகள், அதற்கும் பிறகே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள். மகள் உற்றுப் பார்க்கிற முதல் வேடிக்கை கடலாக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. தொட்டிலைத் தொட்டிக்கு நாலடி தள்ளி, ஹாலிலேயே போட்டிருந்தான்.

மகளுக்கு இப்போது இரண்டரை மாதம். மனைவியும் அவளும் வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

நத்தை செத்த அன்று மாலையே அந்தச் சத்தம் கேட்டது. பம்பின் முனகல், மேலிருந்து வழியும் நீரின் சலசலப்பு, நீல விளக்கின் ரீங்காரம், தொட்டிலில் மகள் விடும் மூச்சின் சின்னக் கொரகொரப்பு, இத்தனைக்கும் நடுவே, மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் யாரோ மரத்தை விரலால் சுண்டினது போல, ஒரே ஒரு 'டக்'. மகள் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டாள்.

"கேட்டுச்சா?" என்றான்.

"ஃப்ரிட்ஜுங்க," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

மூன்றாம் நாள் ஒரு கோமாளி மீன் பாதியாக மிதந்தது. வால் பக்கம் இல்லை. மிச்சமிருந்த மீன் மேல் மூலையில் ஒண்டிக்கொண்டு, பெரிய பாறையின் பொந்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவனும் அந்தப் பொந்தைப் பார்த்தான். உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து, நின்று, அவனைத் திருப்பிப் பார்ப்பதாகப் பட்டது.

வண்ணமீன் கடைக்காரருக்கு ஃபோன் போட்டான்.

"ஒரு வகை இறாலுண்ணே. கல்லுக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கும். குத்துச்சண்டைக்காரன் கை மாதிரி ரெண்டு கை இருக்கும், அதால அடிச்சுத்தான் ஓட்ட ஒடைக்கும்."

"கண்ணாடிய உடைக்குமா?"

"எப்பவாவது. கேள்விப்பட்டதோட சரி. எந்தக் கல்லுல இருக்குன்னு பாத்து, அத மட்டும் வெளிய எடுங்க. போட்டோ அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

போட்டோ அனுப்பினான். பதில் வரவில்லை. 'எப்பவாவது' என்ற ஒரு சொல் மட்டும் அவன் மண்டைக்குள் குடிபுகுந்துவிட்டது. நானூறு லிட்டர் என்றால் நானூறு கிலோ. ஒரு சின்ன விரிசல் போதும். கண்ணாடிச் சில்லுகளோடு நானூறு கிலோ உப்புத் தண்ணீர் நாலடி தூரத்தைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. தொட்டிலைப் படுக்கையறைக்கு இழுத்துப் போனான்.

"வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க," என்று மனைவி சிரித்தாள். தொட்டியையே காலி செய்துவிடலாமா என்று அவன் கேட்டதற்கு, "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவாங்களா? அந்த ஒரு கல்லத் தூக்கிப் போடுங்க, போதும்," என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் மறுநாள் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டான். உளுந்து அளவு. வெளியே தடவினால் வழவழப்பு. அப்படியானால் அது உள்பக்கம். நேற்று இருந்ததா? பாசி சுரண்டும்போது அவனே கீறியதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு வெளுத்ததும் பேயாகிவிட்டது. வேலைக்குப் போன இடத்திலும் காதுக்குள் 'டக்' கேட்டது. பயம் என்றால் அப்படியொரு பயம், சின்ன வயதில்கூட அவன் பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள், மகளுக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவன் எழுந்தான். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டான், முன்ஜாக்கிரதை அல்லவா. அந்தப் பாறையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். அவனுக்கு மிகவும் பிடித்த கல் அது. மேலெல்லாம் பழுப்பு நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவில், கூட்டம் கூட்டமாகப் பூ மாதிரி விரிந்த உயிர்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

ஒரு வாளி உப்பில்லாத தண்ணீரில் முக்கிப் பார்த்தான். ஒன்றும் வெளியே வரவில்லை. பொந்தில் கம்பி விட்டுக் குடைந்தான். வரவில்லை. சரி, வராவிட்டால் உள்ளேயே வேகட்டும் என்று முடிவு செய்தபோது அவன் மனதில் ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது, அதை மறைப்பானேன். வீட்டிலேயே பெரிய அலுமினியப் பாத்திரத்தில் பாறையை இறக்கி, தண்ணீர் ஊற்றி, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டான். புகைபோக்கி விசிறியைப் போட்டால் கிறீச்சிட்டுக் குழந்தையை எழுப்பும். போடவில்லை. ஜன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கும். திறக்கவில்லை.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பழுப்புப் பூக்கள் கரைந்து நுரையாகப் பொங்கின. ஆவி கூரையில் முட்டிச் சுவரெல்லாம் வியர்த்தது. கடற்கரையில் வெயிலில் கிடக்கும் வலையின் நாற்றம்.

மனைவி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நல்லா ஆவி வருதே. பாப்பாவுக்கு மூக்கு விட்டுக்கும், கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

"நாத்தம் பரவாயில்லயா?"

"கடல் காத்து தானே. நல்லதுதான்."

மூடியை எடுத்து, இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று ஒரு தட்டால் அவர்கள் பக்கம் விசிறிவிட்டான். மகள் ஆவிக்குள் கண்ணைச் சிமிட்டி, வாயைத் திறந்து, நாக்கைச் சுழற்றினாள். மூக்கடைப்பு நிஜமாகவே விட்டது. சீராக மூச்சு விட்டாள். மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே அப்படிப் பத்து நிமிடம் நின்றாள். வீடு திரும்பிய பிறகு அவர்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் சும்மா நின்றது அன்றுதான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"என்னமோ குளிருது, கொஞ்சம் படுக்கிறேன்," என்று அவள் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்தான். வெந்த பாறையைச் சமையலறைத் தரையில் போட்டுச் சுத்தியலால் பிளந்தான். இரண்டாக. நாலாக. பொந்துக்குள் மணல் இருந்தது. புழு ஒன்று வெந்து சுருண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

ஹாலில் 'டக்' என்றது.

அவன் அசையாமல் நின்றான். வாயில் ஒரு கசப்பு. சாவியை நக்கினது போல. எச்சிலை விழுங்கினான், போகவில்லை. உதடு மரத்திருந்தது. நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியது போல ஒரு பாரம்.

ஃபோன் அடித்தது. கடைக்காரர்.

"ஊர்ல இல்லண்ணே, இப்பதான் உங்க போட்டோவ பாத்தேன். அந்தக் கல்லு மேல பழுப்பா பட்டன் பட்டனா ஒட்டியிருக்கே, அது வெஷம். வெறுங்கையால தொடாதீங்க. முக்கியமா சுடுதண்ணி மட்டும் ஊத்திராதீங்க, அந்த ஆவி உள்ள போனா ஆளு தப்பிக்கிறது கஷ்டம்."

அவன் அடுப்பின் மேலிருந்த பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே? கொதிக்க வைக்கலையே?"

"பத்து நிமிஷம்," என்றான். "பத்து நிமிஷம் நின்னாங்க."

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "யாருண்ணே நின்னாங்க?"

ஃபோன் கையிலிருந்து நழுவியது. என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நூறு அலுவலகத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறான். முதலில் ஜன்னல். பிறகு ஆட்கள். பிறகு உதவிக்கு அழைப்பு. ஜன்னலுக்குப் போனான். தாழ்ப்பாளைப் பிடித்தான். விரல்கள் மடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தான். மடங்கவில்லை. நெற்றியால் முட்டினான். மழை கண்ணாடிக்கு வெளியே கொட்டியது.

கால் துவண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிறகு தவழ்ந்தான்.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. ஆவி அங்கேயும் வந்திருந்தது.

மனைவி மல்லாந்து கிடந்தாள். போர்வைக்குள் உடம்பு உதறியது. கண்கள் மட்டும் அவன் பக்கம் திரும்பின. என்ன ஆகிறது என்று கேட்டன. உதடு அசைந்தது. பேச்சு வரவில்லை.

பக்கத்தில் மகள்.

விழித்திருந்தாள். முகம் கன்றியிருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது, பசித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி அழுகிற வாய். நாக்கு நடுங்கியது. சத்தம் இல்லை.

கட்டில் விளிம்பில் தாடையை வைத்து, காதை அந்த வாயருகே கொண்டுபோனான். காத்திருந்தான்.

சத்தம் இல்லை.

மனைவியின் கை மட்டும் மகளின் வயிற்றைத் தட்டிக்கொடுத்துக் கொண்டிருந்தது. தூங்க வைக்கிற தட்டல். ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் கழித்து, இன்னொன்று.