பட்டியலில் இல்லாத குரல்

அந்த ஒலித்துண்டில் தப்பான சொல் ஒன்றுகூட இல்லை. ஸில்மியாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். பதினோரு நொடி. ஓர் ஆம்பிளைக் குரல், வாயில் எதையோ ஊறப்போட்டபடி, எச்சிலை உள்ளே இழுத்து இழுத்துக் கேட்டது: "சாப்பிட்டீங்களா மகள்? உம்மா என்னா ஆக்கினாங்க?" அவ்வளவுதான். கேட்டு முடித்ததும் அவள் காதைத் துடைத்துக்கொண்டாள், யாரோ அதற்குள் துப்பிவிட்டதுபோல.

குட்டித்தீவு என்பது பிள்ளைகள் வீடு கட்டி, மீன் பிடித்து, ஒருவரோடொருவர் பேசி விளையாடும் கைப்பேசி விளையாட்டு. அதில் தமிழில் பேசப்படுவதைக் கண்காணிக்க ஒரு கொழும்புக் கம்பனி வைத்திருந்த ஆறு பேரில் ஸில்மியாவும் ஒருத்தி. கணவன் றிஸ்கான் கத்தாருக்குப் போனபின், ஒன்பது வயது மகள் றிஸ்லாவைத் தனியே விடாமல் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றுதான் இந்த வேலையை எடுத்தாள். மாத்தளைப் பக்கம் அலுவிகாரையில் பெரிய தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளிய வீடு. பகல் இரண்டிலிருந்து ஆறு வரை, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து விளையாடும் நேரம் முழுக்க, பின்னறைக் கதவை உள்ளே பூட்டி, காது முழுவதையும் மூடும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். வீட்டார் யாரும் திரையைப் பார்க்கக் கூடாது என்பது கம்பனியின் கட்டளை. ஊரார் பிள்ளைகளைக் காக்கத் தன் பிள்ளையை வெளியே வைத்துப் பூட்டும் உத்தியோகம் என்று அவளே சிரித்துச் சொல்லியிருக்கிறாள்.

இன்னொரு கட்டளையும் இருந்தது. யார்மேல் சந்தேகமோ அவர் குரல் மட்டும் அப்படியே வரும். எதிரே பேசும் பிள்ளையின் குரலை, அடையாளம் தெரியாமலிருக்க, கணினி மாற்றிவிடும். அதனால் எல்லாப் பிள்ளைகளும் அவளுக்கு ஒரே தகரக் குரலில்தான் பேசினார்கள்.

அன்றே மேற்பார்வையாளர் ஜவாஹிருக்கு அழைத்தாள். அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, இந்த ஆள் சரியில்ல. கேக்கவே அருவருப்பா இருக்கு."

"கெட்ட வார்த்தை பேசினானா?"

"இல்ல."

"நம்பர், விலாசம், போட்டோ ஏதும் கேட்டானா?"

"இல்ல. ஆனா அந்தக் குரல்..."

"குரலுக்கெல்லாம் கம்பனிட தடைப் பட்டியல்ல இடம் இல்ல தங்கச்சி. தடுத்தா நாளைக்கு நம்மளத்தான் கேப்பாங்க. தவறில்லைன்னு போட்டு விடுங்க."

போட்டு விட்டாள். விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் ஒரு தூஷணம் சொன்ன பத்து வயதுப் பையனை ஒரு வாரம் தடைசெய்ய அவளுக்கு அதிகாரம் இருந்தது. இந்த ஊத்தை வாயை மூட இல்லை.

பதினைந்து நாளில் அந்தக் குரல் மேலும் நான்கு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே சப்பல், அதே வழுவழுப்பு, இரண்டு சொல்லுக்கு நடுவே நாக்கு அண்ணத்திலிருந்து பிரியும் ஈரச் சத்தம். "உம்மா எந்த ரூம்ல இருப்பாங்க?" "கதவு பூட்டினா சத்தம் கேக்காதா?" "சாச்சான்னு கூப்பிடுங்க, வெக்கப்படாம." சாச்சா, சொந்தச் சித்தப்பனைக் கூப்பிடும் சொல். ஒன்றும் பட்டியலில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தவறில்லை, தவறில்லை என்று அழுத்தினாள். ஹெட்போனின் பஞ்சை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். இரவு சோற்றில் கைவைத்தால் அந்தச் சப்பல் ஞாபகம் வந்து தட்டைத் தள்ளிவைத்தாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. எந்த வீட்டுப் பிள்ளையோ, அதன் தாய்க்கு இது தெரியுமோ என்று கவலைப்பட்டாள்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு ஆறாவது துண்டு வந்தது. வழக்கமாக முந்திய நாள் பேச்சுத்தான் வரும். இதில் இன்றைய தேதி. பதிவான நேரம் மூன்று பத்து.

"உம்மா பூட்டிட்டாங்களா?"

"ஓம் சாச்சா," என்றது தகரக் குரல். "ஆறு மணிக்குத்தான் வருவாங்க. காதுல பெரிய ஹெட்போன் போட்டிருக்காங்க."

ஸில்மியாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

"என்னா சத்தம் அது?"

"மழை வருது. முத்தத்துல மிளகு காயுது. நான்தான் அள்ளணும். சாக்கு பாரம், எனக்குத் தூக்க ஏலா."

சப்பல் நின்றது. விழுங்கும் சத்தம்.

"நீங்க நனைய வேணாம் மகள். கதவ மட்டும் திறங்க. நான் தூக்கி வைக்கிறேன்."

துண்டு முடிந்தது.

இந்த மாத்தளையில் மிளகு காயாத முற்றம் எது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நூறு வீடு இருக்கும். நூறு தாய்மார் இருப்பார்கள். ஆனால் மத்தியானம் றிஸ்லாவிடம், மழை வந்தா மிளக அள்ளிப் போடுங்க மகள், என்று சொன்னது அவள்தான். வாப்பாவோடு பேசட்டும் என்று பழைய போனைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டியதும் அவள்தான்.

ஹெட்போனைக் கழற்றினாள்.

மழை. தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை.

"றிஸ்லா."

திறப்பு பூட்டுக்குள் போக மறுத்தது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. திறந்தது.

வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. மழைச்சாரல் கூடத்துக்குள் அடித்தது. ஈர மிளகின் காரம். அதற்குள் வேறொரு வாடை, கழுவாத வாயின் புளித்த வாடை. மிளகுச் சாக்கு மேசைமேல் இருந்தது. வாய் சுருட்டி, ஒழுங்காக. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய சாக்கு.

றிஸ்லா படுக்கையறைக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சட்டை நனையவில்லை. முகத்தில் பயம் இல்லை. உயிரோடு இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

"மகள். இங்க வாங்க. உம்மாட்ட வாங்க."

றிஸ்லா இடது கையின் விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா பேசுங்க உம்மா. சாச்சா படுத்திருக்காங்க."

"எழும்பி வாங்க."

"ஏலா உம்மா."

அவளது வலது கை தரையில் கிடந்தது. ஸில்மியா அதைப் பார்த்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து நான்கு விரல்கள் வெளியே நீண்டிருந்தன. வெளிறி, ஊறி, நகக்கண்களில் மிளகுக் கறுப்போடு. அவை றிஸ்லாவின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தன.

ஸில்மியா ஓர் அடி முன்னே வைத்தாள். பிடி இறுகியது.