ஒரு பாய்க்கு இரண்டு பேர்

பன்னீர்செல்வம் காலை எட்டரை மணிக்கு அறைக்கு வந்து படுத்தபோது பாய் சூடாக இருந்தது. அம்பத்தூர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை மாதம்; சூட்டுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் கையை வைத்தால் சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது. பாயிலும் முழுக்க இல்லை. தோள் படும் இடம், இடுப்பு, குதிகால், அங்கே மட்டும் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. சின்னராசு இன்றைக்கு லேட்டாகக் கிளம்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

சின்னராசுவை அவன் பார்த்ததில்லை. அந்த அறைக்கு ஒரே பாய், ஒரே தலையணை. சின்னராசு பகலில் வேலைக்குப் போய் இரவில் படுப்பார். பன்னீர் இரவெல்லாம் பிரஸ் மெஷினில் தகடு அடித்துவிட்டுப் பகலில் படுப்பான். ஆளுக்குப் பாதி வாடகை. சொந்த ஊரான மானாம்பதியிலிருந்து மூன்று பஸ் மாறி வேலைக்கு வந்துபோன இரண்டு மாதத்தில் பன்னீருக்குப் பாதி உயிர் போயிருந்தது, ரூம் தேடி அலைந்ததில் மீதியும் போனது. தனி ஆளுக்கு வீடு இல்லை என்றார்கள். கல்யாணம் ஆயிற்று என்றால் பெண்டாட்டி எங்கே என்றார்கள். மஞ்சுளா ஊரில் எட்டு மாசக் கர்ப்பம். பிரசவம் முடிகிறவரை இந்த வேலை கையில் இருக்க வேண்டும், அதற்கு அவன் தூங்க வேண்டும். கடைசியில், நம்ம பக்கத்து ஆள் என்று இந்த லைன் வீட்டில் இடம் கொடுத்தவள் மானாம்பதிக்குப் பக்கத்துப் பெருநகர்க்காரி கஸ்தூரிதான்.

இரண்டாவது வாரம் சூடு மதியம்வரை ஆறவில்லை. லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார்கள். குழாய் டிரம்மில் சொட்டும் சத்தம், கூரைத் தகடு வெயிலில் விரிந்து டிக்கென்று முனகும் சத்தம், தலையணையிலிருந்து ஊறிப்போன தேங்காய் எண்ணெயும் பீடிப்புகையும் கலந்த வாடை. இவற்றுக்கு நடுவே முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு, நிதானமாக, தூங்குகிறவனின் மூச்சு. உத்திரமேரூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நாலாவது ஆள் வந்தால் கண்ணைத் திறக்காமலே நகர்ந்து பழகிய உடம்பு அவனுடையது. நகர்ந்துகொண்டான். யாருக்காக நகர்ந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் பாய்தான் கிடந்தது.

அன்று சாயங்காலம் கஸ்தூரியிடம் கேட்டான்.

"அக்கா, சின்னராசு அண்ணன் எப்பக்கா கெளம்பறாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? ஒரு மாசமா கண்ணுலயே படல. சாவி மட்டும் தெனம் ஜன்னல்ல கீது. ஏன், எதுனா தொந்தரவா?"

"இல்லக்கா. சும்மா கேட்டேன்."

தொந்தரவு என்று சொன்னால் வேறு இடம் பார்த்துக்கோ என்பாள். மறுபடியும் தெருத் தெருவாகப் போய் நிற்க அவனுக்குத் தெம்பு இல்லை. பயத்தைவிட அலுப்பு பெரிதாக இருந்தது.

ஒவ்வொரு பகலும் கொஞ்சம் நகர்ந்தான். நாலாவது நாள் பாதி உடம்பு தரையில் இருந்தது. ஆறாவது நாள் மூக்கு சுவரில் இடித்தது. தூக்கம் மட்டும் வரவே இல்லை. வியாழக்கிழமை வேலையில் கண் சொருகி, பிரஸ் இறங்கும் நேரத்தில் கை உள்ளே இருந்தது. பக்கத்து மெஷின் வீராசாமி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் நாலு விரலும் போயிருக்கும். இன்னொரு தடவை தூங்கி விழுந்தால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மறுநாள் பகல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கண் எரிந்தது. பிடரியில் அந்த மூச்சு பட்டது. அழுகை வந்தது அவனுக்கு.

அவன் கம்பெனியில் காண்டிராக்ட் ஆட்கள் ஒருவருக்கு ஒருவர் டூட்டி பார்ப்பது வழக்கம். முடியாதவன் வாயால் கேட்டால் போதும். முடியாதவன் டோக்கனை எடுத்துக்கொண்டு இன்னொருவன் போவான். கேட்டில் டோக்கன் நம்பரைத்தான் பார்ப்பார்கள், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கம்தான் வாயில் வந்தது.

"அண்ணே, சத்தியமா முடியலண்ணே. இன்னிக்கு எனக்குப் பதிலா நீ போயேன்."

மூச்சு நின்றது.

ஒரு கை அவன் தோளை இரண்டு முறை தட்டியது. பிறகு தூக்கம் வந்தது, மாதக்கணக்கில் வராத தூக்கம்.

விழித்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. உடம்பு லேசாக இருந்தது. எழ நினைத்தான். முடியவில்லை. கையைத் தூக்க நினைத்தான். கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆணியில் சட்டை இல்லை. டோக்கன் இல்லை.

கண்ணாடி முன்னால் ஒருவன் தலை சீவிக்கொண்டிருந்தான். பன்னீரின் சட்டை. அவன் முதுகு. அவன் கழுத்து மச்சம்.

கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது. வெளியே கஸ்தூரியின் குரல்.

"இன்னா பன்னீரு, இன்னிக்கு மூஞ்சி தெளிவா கீது!"

"நல்லா தூங்கினேன்க்கா." பன்னீரின் குரலேதான்.

"அது செரி. மஞ்சுளாவுக்கு நாள் நெருங்கிடுச்சே, பாக்கப் போவலியா?"

"டூட்டி முடிச்சுட்டு காத்தால போறேன்க்கா. மானாம்பதிக்கு எந்த பஸ்ஸு ஏறணும்?"

கஸ்தூரி சிரித்தாள். "உன் ஊருக்கு என்னாண்ட வழி கேக்கறியா? தூக்கக் கலக்கமா?"

"சொல்லேன்க்கா."

உள்ளே பன்னீர் கத்தினான். சொல்லாதேக்கா என்று கத்தினான். வாய் இல்லை. பாயில் தோள் படும் இடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சூடேறியது.

வெளியே கஸ்தூரி சிரித்துக்கொண்டே, கோயம்பேட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.