மாலை டோக்கன்

மருத்துவமனைத் தளத்தின் பக்கம் வெள்ளையாக வந்தது. டாக்டரின் சிரித்த முகமும் இல்லை, "முன்பதிவு செய்ய" என்ற பச்சைப் பொத்தானும் இல்லை. பிழை என்று ஒரு வரி வந்திருந்தாலாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தேடலாம். அதுகூட இல்லை. அவன் மூடினான், திறந்தான், மறுபடி மூடித் திறந்தான். ஒவ்வொரு முறையும் அதே வெள்ளை அவன் முகத்தில் வந்து அடித்தது.

சற்று முன்புதான் முன்பதிவைக் கவனிக்கும் துணை நிரலான பிளகினுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதை அழுத்துவதற்கு முன்னால் தளம் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. என்ன ஆகிவிடப் போகிறது என்று அழுத்திவிட்டான்.

போன இடத்திலெல்லாம் வேலை நிலைக்காமல் வீட்டில் கிடந்தவனை, "என் தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று அக்கா தன் வீட்டுக்காரரிடம் நச்சரித்து இங்கே உட்கார வைத்திருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் நுரையீரல் டாக்டர். அந்த மருத்துவமனையின் இணையதளம், டோக்கன் திரை, நோயாளிகளுக்குப் போகும் குறுஞ்செய்தி எல்லாம் இவன் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் அவனைக் 'கம்ப்யூட்டர் மச்சான்' என்று அழைத்தார்கள். அது அவன் காதிலும் விழுந்திருந்தது.

உள்ளறைக் கதவைத் திறந்து டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, சாயங்காலப் பேஷண்ட் யார் யாருன்னே தெரியல. திரையில ஒண்ணுமே காணோம்."

காத்திருந்தவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் காது மடல் சுட்டது.

"யாரோ செட்டிங்ல கை வச்சிருக்காங்க மாமா."

"யாரு?"

பெயர் எதையும் அவன் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று பிற்பாடு தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். கண் மட்டும்தான் போயிற்று, முன்மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கம்.

அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்பார்கள். டாக்டர் இந்த இடத்தைத் திறந்த நாளிலிருந்து அவள்தான் அந்த மேசையில். சற்று முன் அவன் பொத்தானை அழுத்தியபோது அவன் தோளுக்குப் பின்னால் நின்று எதையோ எடுத்துக்கொண்டிருந்ததும் அவள்தான்.

"தெரியாத வேலைல ஏம்மா கை வைக்கிறீங்க?" டாக்டர் குரலை உயர்த்தினார். அத்தனை பேருக்கும் முன்னால். "இத்தனை வருஷமா இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா? இன்னைக்குச் சாயங்காலம் ஒருத்தரையும் பார்க்க முடியாது. எல்லாத்தையும் நிறுத்திட்டு வீட்டுக்குப் போங்க."

அவள் இருந்தவர்களைச் சமாதானம் சொல்லி அனுப்பினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு அவன் மேசையைத் தாண்டும்போது நின்றாள்.

"நான் பார்த்துக்கிட்டுத்தான் சார் இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பான். அவள் கண் கலங்கியிருந்தது. அவனுக்காகத்தான் வெட்கப்படுகிறாள் என்று தோன்றியது.

டாக்டரும் வேறொரு மருத்துவமனைக்குக் கிளம்பினார். "நான் வர்றதுக்குள்ள சரி பண்ணிடு" என்றார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. வெளியே மழை பிடித்தது.

பகல் முழுவதும் இருமலும் இழுப்பும் கரகரப்புமாக இருக்கும் கூடம் அது. நாலு பேர் உட்கார்ந்தால் அதில் இரண்டு பேராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார்கள். இப்போது காலி நாற்காலிகளும், கிருமிநாசினி வாடையும், கண்ணாடியில் வழியும் மழைநீரின் நிழல் தரையில் நெளிவதும்தான் இருந்தன. அவன் முன்மேசைக்குப் பின்னால் கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான்.

தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்துக்குள் நுழைந்து, பிளகின்கள் ஒவ்வொன்றின் கோப்புறைக்கும் பெயரை மாற்றினான். பெயர் மாறினால் அது தூங்கிவிடும். எல்லாம் தூங்கியதும் டாக்டரின் சிரித்த முகம் திரையில் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக எழுப்பினான். படங்களுக்கான பிளகின், வரைபடத்துக்கான பிளகின், எதிலும் கோளாறு இல்லை. முன்பதிவை எழுப்பினான். வெள்ளை.

இதுதான். அவனுக்கு முன்பே தெரிந்ததுதான். பழைய பதிப்பைத் தேடி எடுத்து அதன் இடத்தில் வைத்தான். பக்கம் வந்தது, பச்சைப் பொத்தானும் வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். டோக்கன் அக்கா கெடுத்ததை நான் சரி செய்துவிட்டேன் என்று மாமாவிடம் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அது எட்டிப் பார்த்த வேகத்தை நினைத்து அவனுக்கே வாயில் கசந்தது.

அப்போதுதான் திரையின் கீழே இருந்த எண்ணைக் கவனித்தான். அனுப்பப்பட்ட குறுஞ்செய்திகள். அது ஏறிக்கொண்டே போனது.

"இன்று மாலை உங்கள் முறை. தவறாமல் வரவும்."

யாருக்குப் போகிறது? இன்று மாலைதான் யாருமே இல்லையே. திறந்து பார்த்தான். எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது. இந்த மருத்துவமனைப் படியை ஒரு முறை மிதித்தவர்கள் அத்தனை பேருக்கும். இனி அனுப்ப வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கும்.

ஏன் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வாடகைக்கு எடுத்துப்போன ஆக்சிஜன் கருவியைத் திருப்பிக் கொடுக்க ஒரு மகனோ மருமகளோ வந்து நிற்பார்கள். டோக்கன் அக்கா எழுந்து நின்று வாங்கிக்கொள்வாள். அவர்கள் போனதும் கணினியில் அந்தப் பெயருக்கு எதிரே இருக்கும் பொத்தானை அணைத்துவிடுவாள். பதிப்பை மாற்றியதில் அணைத்த பொத்தான்கள் எல்லாம் மறுபடி இயங்கத் தொடங்கிவிட்டன.

குறுஞ்செய்திகள் இந்தக் கணினி வழியாகத்தான் போகும். இணைய வயரைப் பிடுங்கினான். எண் நின்றது. போனது போனதுதான்.

முன்மேசைத் தொலைபேசி அடித்தது. கைநீட்டி எடுத்தான்.

"யாரு பேசறது?" ஒரு ஆண் குரல். "எங்கம்மா போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பல. இப்பத்தான் அவங்க முறை வந்துச்சா?"

"சார், மன்னிக்கணும். ஸ்டாஃப் யாரோ தப்பா..."

"அம்மா போனை நாங்க அணைக்காமலே வச்சிருக்கோம். அது அடிச்சதும் எங்கப்பா ஓடிப்போய் எடுத்தார். எதுக்கு ஓடினார்னு நெனைக்கிறீங்க?"

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். உடனே அடுத்த அழைப்பு. அதற்கடுத்தது. திட்டினார்கள், அழுதார்கள். ஒவ்வொருவரிடமும் அவன் வாயிலிருந்து அந்த ஒரே வாக்கியம்தான் வந்தது. ஸ்டாஃப் யாரோ. ஸ்டாஃப் யாரோ. ஆளில்லாத கூடத்தில் அதைச் சொல்லும்போது பின்னால் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல முதுகு கூசியது.

மறுபடி அடித்தது. இந்த முறை மெதுவாகப் பேசும் ஒரு பெண்.

"டாக்டர் இருக்காரா?"

"இல்லைங்க. மெசேஜ் தப்பா வந்திருந்தா..."

"தப்பாவா? அப்பாவுக்கு வந்துச்சு. போன் அலமாரில இருந்துச்சு. சத்தம் கேட்டு நான் போறதுக்குள்ள அவரே எடுத்துப் படிச்சிட்டார்."

அவனுக்கு உயிர் வந்தது. இவர் இருக்கிறவர். "அப்பா நல்லா இருக்காரா மேடம்?"

"கிளம்பிட்டார். இன்னைக்கு வேண்டாம்ப்பான்னு எவ்வளவோ சொன்னேன், கேட்கல. மழைன்னு சொன்னேன். அதுக்கும் கேட்கல." அவள் குரல் இன்னும் தணிந்தது. "எந்தச் சட்டையோட புதைச்சோமோ அதே சட்டையைத்தான் அவர் போட்டிருக்கார், தம்பி."

அவன் ரிசீவரை இறுக்கிப் பிடித்தான்.

"வந்தா உட்கார வையுங்க. டாக்டர் இல்லேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கடைசில அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார், டாக்டர் வரலையா, டாக்டர் வரலையான்னு."

வைத்துவிட்டாள்.

அவன் ரிசீவரை வைக்கவில்லை. இணைப்பு துண்டான பின் விட்டு விட்டு ஒலிக்கும் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தான். பாவம், துக்கத்தில் புத்தி தடுமாறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். நான்தான் தடுமாற வைத்தேன் என்றும் சொல்லிக்கொண்டான். மழை சத்தம் திடீரென்று உரத்துக் கேட்டது, பிறகு அடங்கியது. யாரோ கண்ணாடிக் கதவைத் திறந்து மூடினால்தான் அப்படிக் கேட்கும்.

முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முனகியது.

இன்னொன்று.

கிருமிநாசினி வாடையை மீறிக்கொண்டு வேறொரு வாடை வந்தது. நெடுநாள் திறக்காத அலமாரியின் வாடை. பாச்சை உருண்டை. அதற்கும் அடியில் ஈரமண்.

மறுபடி மழை உரத்தது, அடங்கியது. நாற்காலி. மறுபடி. நாற்காலி.

ஒரு இருமல்கூட இல்லை.

இத்தனை பேர் உட்காரும் சத்தம். ஒரு செருமல் இல்லை. ஒரு இழுப்பு இல்லை.

அவன் திரும்பினான்.

முன்மேசையில் ஒரு கை இருந்தது. நகங்களுக்குள் மண். பக்கத்தில் ஒரு பழைய போன், அதில் அவன் அனுப்பிய வரி எரிந்துகொண்டிருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. அவ்வளவு மழையில் வந்தும் ஒரு துளி நனையவில்லை. அதற்கு மேலே பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சுக்கு ஏற்ப அவை ஏறவில்லை. இறங்கவில்லை.

"தம்பி, டாக்டர் வந்துட்டாரா?"

சொல்லிவிட வேண்டும். தப்பாகப் போய்விட்டது, ஐயா. என் தப்பு. வேறு யாரும் இல்லை, நான்தான். நீங்கள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு அசையவும் அசைந்தது. ஆனால் அந்தச் சட்டைக்குப் பின்னால் எல்லா நாற்காலிகளிலிருந்தும் முகங்கள் அவன் பக்கம் திரும்பியிருந்தன. அத்தனை பேருக்கும் முன்னால். அவன் காது மடல் சுட்டது.

"உட்காருங்க," என்றான். "வந்துடுவார்."

"நல்லது தம்பி. எவ்வளவு நேரமானாலும் இருக்கோம்."

சட்டை திரும்பியது. "வந்துடுவாராம்," என்றது அந்தக் குரல், மற்றவர்களிடம்.

வந்துடுவாராம். நாற்காலிக்கு நாற்காலி அந்தச் சொல் நகர்ந்தது. கதவுவரை போனது. கதவுக்கு வெளியேயும் போனது. வந்துடுவாராம். வந்துடுவாராம். மழைக்குள் எங்கோ தொலைவில் ஒரு குழந்தைக் குரல் அதைத் திருப்பிச் சொன்னது.

அவன் கண்ணாடி வழியே பார்த்தான். தெரு முனைவரை நின்றார்கள். முனை திரும்பியும் நின்றார்கள். யாரிடமும் குடை இல்லை. ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு போனின் வெளிச்சம். போன் இல்லாத சின்னவர்களை யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள்.

நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வந்துகொண்டிருந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். சுவரோரமும் நிறைந்தது. ஒருவரை ஒருவர் இடிக்காமல், பொறுமையாக, முன்மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். அவன் நாற்காலிக்கு இடப்பக்கம். வலப்பக்கம். பின்னால்.

விளக்கை மறைத்துக்கொண்டு அவன் மேல் குனிந்தார்கள்.

கூடத்தில் மூச்சு விடும் சத்தம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. அத்தனை பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.