நண்டு வீட்டு நைனா

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் போதும், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு பிள்ளையும் வீடு தங்காது. எல்லாரும் ரத்னாவின் நண்டுக் குடும்பத்தைப் பார்க்க ஓடிவிடுவார்கள்.

அது ஒரு நிழல் கதை. குப்பத்துக்கு இன்னும் கரண்ட் வராத காலம். இரண்டு மூங்கில் கழிகளை மணலில் நட்டு, நடுவே படகுப் பாயைத் திரை மாதிரி கட்டுவார்கள். பின்னால் ஓர் அரிக்கேன் விளக்கு எரியும். அட்டையில் வெட்டிய நண்டுகளைக் குச்சியில் பிடித்து ஆட்டுவாள் ரத்னா. கால்களை வலைநூலில் கோத்திருந்தாள். நூலை இழுத்தால் எல்லாக் கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக நகரும்!

பதினொரு வயது ரத்னா, நண்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சேற்றில் குப்புறப் படுத்துக் கிடந்தவள். அன்று அவள் அம்மாவிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

முதல் நாள் சின்னப் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வெறும் அட்டை! முன்னால் வந்தால் உயிருள்ள நண்டு! மறுபடி பின்னால் ஓடினார்கள். என்ன மாயம் இது? அவர்களுக்கு வாய் மூடவே இல்லை.

நண்டு நைனா, நண்டு அம்மா, இரண்டு நண்டுப் பிள்ளைகள். இவ்வளவுதான் குடும்பம். கதை மட்டும் ஒரு வருஷமாக ஓடியது. நைனா பெருமை பேசிக்கொண்டே கூரை வேயப் போவார். சாயங்காலம் பார்த்தால், பக்கத்து வீட்டுக் கூரையை வேய்ந்து முடித்திருப்பார். நைனாவுக்குக் குரல் கொடுப்பவன் ரத்னாவின் வகுப்புத் தோழன் தேசப்பன்.

ஒரு வாரம் ரத்னாவின் கை தவறி, நைனா குழம்புச் சட்டிக்குள் விழுந்துவிட்டார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"இதான் ஷோக்கா கீது ரத்னா! இனிமே அவரை உழ வுட்டுக்கினே இரு" என்றான் தேசப்பன்.

அடுத்த வாரம் நைனா கிணற்றில் விழுந்தார். அதற்கடுத்த வாரம் பனைமரத்திலிருந்து விழுந்தார். ஆனால் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ரத்னா அவரை இன்னும் உயரத்திலிருந்து தள்ளிப் பார்த்தாள். பலன் இல்லை.

முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்காரும் ஆறு வயது எல்லம்மா வருவதையே நிறுத்திவிட்டாள். ரத்னாவால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"இன்னாடி எல்லம்மா, ஆளையே காணோம்?"

"நான் வரல போக்கா. அது நம்ம நைனா இல்ல. வேற யாரோ."

"அதே அட்டைதான்டி!"

"அட்டை அதேதான். முன்னல்லாம் கடைசில ஊட்டுக்கு வந்து, 'எல்லாரும் சாப்ட்டீங்களா?'ன்னு கேப்பாரு. இப்ப உழறாரு, அத்தோட கதை முடிஞ்சிடுது. ஊட்டுக்கு வர்றதே இல்ல."

எல்லம்மாவின் அப்பா கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கியிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. அட்டை நண்டு வீடு திரும்பியதா என்று ஒரு குழந்தை வாரா வாரம் காத்திருந்திருக்கிறாள்! ரத்னாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"இந்த வெள்ளிக்கிழமை மட்டும் வா. புடிக்கலன்னா எழுந்து பூடு" என்று கெஞ்சிவிட்டு வந்தாள்.

ரத்னா விஷயத்தைச் சொன்னதும் தேசப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "சாப்ட்டியான்னு கேட்டா எவன் சிரிப்பான்? எல்லாம் எழுந்து பூடுவானுங்க. பேஜாராயிடும்!"

"போனா போவட்டும். நைனா ஊட்டுக்கு வரணும்."

வெள்ளிக்கிழமை எல்லம்மா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். திரையில் பெரிய அலை வந்து நைனாவை அடித்துக்கொண்டு போனது. வீட்டில் நண்டு அம்மாவும் பிள்ளைகளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக நைனா கரையேறி வந்தார். ஆனால் நண்டு பக்கவாட்டில்தானே நடக்கும்? வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டிவிட்டார்!

"நைனா, ஊடு இந்தாண்ட கீது!" என்று ஒரு பையன் கத்தினான். பிறகு எல்லாரும் கத்தினார்கள். கரையே அதிர்ந்தது.

நைனா ஒருவழியாக உள்ளே நுழைந்தார். "எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்றார்.

"நான் இன்னும் சாப்டல நைனா!"

அது எல்லம்மாவின் குரல். கூட்டம் திரும்பிப் பார்த்தது. தேசப்பன் விழித்தான். இப்படி ஒரு பதில் வரும் என்று யார் நினைத்தது? ரத்னா மெதுவாக நூலை இழுத்தாள். நைனா தன் வீட்டை விட்டு வெளியே வந்து, திரையின் ஓரத்தில் நின்று, பெரிய கொடுக்கை நீட்டினார்.

தேசப்பனின் குரல் தானாகவே தணிந்தது. "நானும் சாப்டலமா. உனுக்கோசரம்தான் காத்துகினு கீறேன். வா."

எல்லம்மா எழுந்தாள். எல்லாரையும் தாண்டிப் போய், அந்த நிழலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நண்டு நைனா அவளுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்தார். பக்கவாட்டில்தான்.