மணி கிடைத்தது, வண்டி கிளம்பவில்லை

சுயம்புலிங்கத்தின் இரண்டு தொடைகளும் கட்டையாக இறுகிக்கொண்டன. இருபது வருடமாக உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவர். தசை பிடித்து இழுப்பது அவருக்குப் புதிதல்ல. மண்வெட்டியை ஊன்றி நின்று, கை முஷ்டியால் தொடையில் நாலு குத்துக் குத்திவிட்டு மறுபடியும் குழிக்குள் குனிந்தார்.

"அண்ணே, ஏறி வா. செத்த நேரம் நிழல்ல இரி" என்றாள் தங்கை பட்டுக்கனி, மேலே மணலை வாரித் தள்ளியபடி.

"இன்னும் ரெண்டடிதாம் பிள்ளே."

"இதத்தான் ஒம்பது மணிக்கும் சொன்ன!"

மணி பதினொன்றரை. சுற்றிலும் தேரிக்காடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மண் மேடு, முந்திரி மரம், எங்கோ ஒரு பனை. காற்று இழுக்கிற பக்கம் நகர்கிற மணல் இது. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் ஆடிக் காற்று, இவர்கள் குடும்பத்துச் சாஸ்தாவின் பீடத்தை வெண்கல மணியோடு சேர்த்து மூடிவிட்டது. அதிலிருந்து பங்குனி உத்திரத்துக்குக் குத்துமதிப்பாக ஒரு பனையடியில் பொங்கலிட்டு வந்தார்கள். இந்த வருடம் சித்தப்பா மக்கள் கேட்டேவிட்டார்கள்: "இடம் தெரியாத சாமிக்கு எதுக்கு வரி? நாங்க வேற கோயில் பாத்துக்கிடுதோம்." சுயம்புவுக்குச் சுருக்கென்று தைத்தது. "உத்திரத்துக்குள்ள மணிய எடுத்துக் காட்டுதேன்லா!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

வழிகாட்ட இருந்தது ஒரு காலண்டர் அட்டை. அதன் பின்பக்கம் அப்பா போட்டுவைத்த படம்: இரட்டைப் பனை, சுமைதாங்கிக் கல், அங்கிருந்து கிழக்கே தொண்ணூறு தப்படி. கல்லைக் கண்டுபிடிக்கவே மூன்று ஞாயிறு ஆனது. இன்று நாலாவது ஞாயிறு.

பட்டுக்கனியின் புருஷன் லிங்கதுரை மைக் செட் வைத்திருப்பவன். அவனுடைய டீசல் பிக்கப்பில்தான் டயர்க் காற்றைப் பாதி இறக்கிவிட்டு மணலுக்குள் வந்திருந்தார்கள். சாமி மண்ணைச் சத்தமில்லாமல் தோண்டக் கூடாது, கொட்டோ பாட்டோ வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். கொட்டுக்காரரைக் கூப்பிட வசதியில்லை. லிங்கதுரை வண்டி மேல் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, வண்டி பேட்டரியிலிருந்தே ஆம்ப்ளிஃபயருக்கு வயரை இழுத்து, காலை ஆறரையிலிருந்து பக்திப் பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தான். டீசல் வீணாகுமே என்று எஞ்சினை அணைத்துப் போட்டிருந்தான்.

'டங்!'

மண்வெட்டி எதிலோ மோதியது. மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். அடுத்த நொடி சுயம்பு மண்டியிட்டு இரண்டு கையாலும் பறித்தார். பச்சைக் களிம்பேறிய விளிம்பு தெரிந்தது. பிறகு தோள். பிறகு வளையம்!

"மாப்ள, கயிறு போடுல! கயிறு!"

இழுத்து மேலே போட்டார்கள். முப்பது கிலோவுக்குக் குறையாது. லிங்கதுரை கும்பிட்டான். பட்டுக்கனி முந்தானையால் மணலைத் துடைத்தாள்.

சுயம்பு மட்டும் ஏறி வரவில்லை. குழிக்குள் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "வேல முடிஞ்சி. லாரிய எடுக்கச் சொல்லு. உப்பு அம்பாரம் கரையப் போவுது" என்றார். உப்பளத்தில் இருப்பதாக நினைத்துப் பேசுகிறார்!

பட்டுக்கனி குதித்து இறங்கி நெற்றியைத் தொட்டாள். அடுப்புக் கல்லாகச் சுட்டது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. அவளும் உப்பளத்துக்காரிதான். வேர்வை நின்றுபோன ஆள் என்ன ஆவான் என்று பாத்தியில் கண்ணால் பார்த்தவள்.

"என்னங்க, வண்டிய எடுங்க! அண்ணனுக்கு வெக்க அடிச்சிட்டு. இங்கன நின்னா உசிரு போயிரும்!"

இருவரும் தூக்கி வந்து முந்திரி நிழலில் போட்டார்கள். லிங்கதுரை ஓடிப்போய்ச் சாவியைத் திருகினான்.

டொக்.

மறுபடியும் திருகினான். அந்த டொக்கும் இல்லை. பாட்டும் இழுத்து இழுத்து, கரகரத்து, அடங்கிப் போனது.

தார் ரோடு ஆறு கிலோமீட்டர். செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. கேனில் இருந்த தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது.

"அஞ்சு மணி நேரம் பாட்டுப் போட்டியள்ல? பேட்டரி என்ன ஊத்துக் கெணறா?"

"வையாத பிள்ளே, மிஷினு இருக்கு!" லிங்கதுரை டேஷ்போர்டின் மேலிருந்து ஆரஞ்சு நிறப் பெட்டியை எடுத்தான். ஜம்ப் ஸ்டார்ட்டர். பேட்டரி செத்த வண்டியைக் கிளப்பிவிடுகிற, செங்கல் அளவு பெட்டி. சின்னது கார் இழுக்கும், டீசலுக்கு ஆகாது என்று கடைக்காரர் சொன்னதால் பெரியதாகவே வாங்கி, முந்தின நாள் முழுக்க சார்ஜ் போட்டிருந்தான். பொத்தானை அமுக்கினான். சிவப்பு விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"இதுவும் செத்துட்டா?"

பட்டுக்கனி வாங்கிப் பார்த்தாள். கையில் வைத்திருக்க முடியவில்லை. கண்ணாடிக்கு அடியில், வெயிலில், காலையிலிருந்து வெந்திருக்கிறது. "சாவல. சூட்டுல இதுவும் மயங்கிக் கெடக்கு. ஆற வைக்கணும்."

"எங்கன ஆற வைக்க? தண்ணியில முக்குவமா?"

"முக்குனா முடிஞ்சிது!" சோறு கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் துடைத்து, பெட்டியை உள்ளே வைத்து மூடிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். ஏழடி ஆழத்தில் மணல் ஈரமாக, குளுகுளுவென்று இருந்தது. கழுத்துவரை சட்டியைப் புதைத்தாள். "கால் மணி நேரம். நோண்டாதிய."

அந்தக் கால் மணி நேரம் அண்ணன் தாங்க வேண்டுமே! சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். உளறல் நின்று முனகலாகிவிட்டது.

"ஏய்யா, பாட்ட ஏன் நிறுத்திட்டிய?"

மேட்டின் மேல் ஒரு பெண், இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றாள். முந்திரிக் காவலுக்கு வந்தவள், பெயர் தங்கபுஷ்பம். "காலையில இருந்து கேட்டுக்கிட்டே முந்திரி பெறக்குனேன். நல்லாத்தான போய்க்கிட்டிருந்து..." சொல்லிக்கொண்டே இறங்கி வந்தவள் கீழே கிடந்த ஆளைப் பார்த்தாள். குடத்தை இறக்கி, சுயம்புவின் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள்.

"வாயில ஊத்தவா?" என்றான் லிங்கதுரை.

"நெனவில்லாதவன் வாயில ஊத்துனா பொறையேறிச் சாவான். மேல ஊத்து. சட்டையக் கழட்டு."

அந்தக் குடம்தான் அவளுடைய அன்றைய தண்ணீர். ரோட்டோரக் குழாயிலிருந்து சுமந்துவந்தது. பாதிக்கு மேல் சுயம்புவின் மேல் போனது. பட்டுக்கனி தயங்கினாள். "ஊத்து தாயி, பாக்காத" என்று அதட்டினாள் தங்கபுஷ்பம்.

கால் மணி நேரம் கழித்துப் பெட்டியை எடுத்தபோது ஜில்லென்றிருந்தது. பொத்தானை அமுக்கினாள். நாலு பச்சைக் கோடு! லிங்கதுரை பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"நில்லுங்க! மொதல்ல அந்த ஆம்ப்ளிஃபயர் வயரப் பிடுங்குங்க. நாம குடுக்கத அது குடிச்சிரும்."

பிடுங்கினான். சிவப்புக் கவ்வியைப் பேட்டரியின் கூட்டல் முனையில் மாட்டினான். கறுப்பைக் கழித்தல் முனைக்குக் கொண்டுபோனான்.

"அங்க வேண்டாம். எஞ்சின் இரும்புல மாட்டுங்க. பெயிண்ட் இல்லாத போல்ட்டாப் பாத்து."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"பெட்டிக்கு அடியில படம் போட்டிருக்கு. நீங்க விலைய மட்டும் படிச்சிருப்பிய."

பேட்டரி ஒரேயடியாகச் செத்திருந்ததால் பெட்டி அதை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. தனியாக இருந்த பூஸ்ட் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் பெட்டியின் பாதுகாப்பெல்லாம் போய்விடும். கவ்வி மாறியிருந்தால் கையிலேயே வெடிக்கும். பட்டுக்கனி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்து, கூட்டல் குறியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அமுக்கினாள்.

"திருகுங்க!"

டொக், டொக்... க்ர்ர்... க்ர்ர்...

"நிறுத்துங்க! அஞ்சு எண்ணிக்கைக்கு மேல திருகாதிய!"

"புடிக்கப் போவுது பிள்ளே!"

"பொட்டி வெந்துரும்! எறங்குங்க!"

உப்பளத்து டீசல் பம்பைப் பத்து வருடம் சுற்றிக் கிளப்பியவள் அவள். பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி போதும். டீசலுக்குக் காற்றை நசுக்குகிற வேகம் வேண்டும். அந்த வேகம் ஏன் வரவில்லை? சிவப்புக் கவ்வியை அசைத்தாள். ஒரு பல் மட்டும் ஈயத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மீதி களிம்பேறிய நட்டைக் கவ்வியிருந்தது. கழற்றி, மணலை அள்ளி முனையைத் தேய்த்தாள். ஈயம் மின்னியது. ஆழக் கடிக்கும்படி மாட்டினாள். பெட்டி ஆற மூன்று நிமிடம் விட்டாள். மூன்று நிமிடமும் லிங்கதுரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாஸ்தாவைத் திட்டினான், கும்பிட்டான், மறுபடி திட்டினான்.

"இப்ப!"

க்ர்ர்-க்ர்ர்-க்ர்ர்... கரும்புகை கக்கி எஞ்சின் உறுமியது!

"எஞ்சின அணச்சிராதிய!" கறுப்பை முதலில், சிவப்பை அடுத்து எனக் கழற்றி எறிந்தாள். மூன்று பேருமாகச் சுயம்புவைப் பின்னால் ஏற்றினார்கள். நனைத்துக்கொண்டே போகக் குடத்தையும் ஏற்றினார்கள். லிங்கதுரை மணியைத் தூக்கப் போனான்.

"அது கெடக்கட்டும்!" என்றாள் பட்டுக்கனி. "மணலுக்குள்ள இருபத்து மூணு வருசம் கெடந்தது. இன்னொரு நாளும் கெடக்கும்."

"நான் பாத்துக்கிடுதேன், போங்க" என்று தங்கபுஷ்பம் மணியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டினார். "வண்டிய ஆஃப் பண்ணுய்யா!"

"ஆஃப் பண்ணுனா நீருதாம் தள்ளணும்!" என்றான் லிங்கதுரை.

சுயம்பு பிழைத்தார். அரை மணி தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். கண் விழித்ததும் அவர் கேட்டது மணியை. பட்டுக்கனி இளநீரைக் கையில் திணித்தாள்.

மறுநாள் சித்தப்பா மக்களே லிங்கதுரையோடு போய் மணியைத் தோளில் சுமந்து வந்தார்கள். மணிக்குக் கீழே புதைந்திருந்த பீடத்தையும் தோண்டியெடுத்தார்கள். உத்திரத்தன்று அதற்கு மேல் பந்தல் போட்டு மணியைக் கட்டினார்கள். முதல் அடி சுயம்பு அடித்தார். வரியைப் பற்றி யாரும் பேசவில்லை, எல்லாரும் கொடுத்தார்கள். பாட்டுக்குத் தனி பேட்டரி, பெட்டிக்கு சீட்டுக்கு அடியில் இடம், பன்னிரண்டு மணிக்கு மேல் மண்வெட்டி கிடையாது என்று பட்டுக்கனி மூன்று சட்டம் போட்டாள். லிங்கதுரை மூன்றுக்கும் தலையாட்டினான்.

மணி வந்த ஆரவாரத்தில் குடத்தை யாரும் நினைக்கவில்லை. உத்திரம் முடிந்து பட்டுக்கனி அதை எடுத்துக்கொண்டு போனபோது முந்திரிக் குத்தகை முடிந்திருந்தது. தங்கபுஷ்பத்தின் ஓலைக் குடிசையில் ஆள் இல்லை. எந்த ஊர்க்காரி என்று யாருமே கேட்டிருக்கவில்லை.

தங்கபுஷ்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குடமும் அது நிறையத் தண்ணீரும் தர வேண்டியிருக்கிறது. இன்னும் தரவில்லை.