இரண்டு தட்டு

அன்று காலை மரமுளை அப்படியே நின்றது.

ஓலே நம்பவில்லை. உப்பு ஏரியின் குறுக்கே தண்டவாளம் போடக் கொட்டிய கல்லையெல்லாம் அடிச்சேறு விழுங்கிக்கொண்டே இருந்தது. மாலையில் அந்தக் கல் கரையின் உச்சியில் முளை அடிப்பார்கள். விடிந்தால் அதன் தலைகூடத் தெரியாது. மறுபடி கல். மறுபடி முளை. தூக்கத்திலும் அவனுக்குக் கல் சரிந்தது.

"நின்னுடுச்சுடா!" என்றான் மேஸ்திரி டீக். "மத்தியானம் எஞ்சின் விட்டுப் பாக்கறோம். கரை தாங்கிச்சுன்னா அதுலயே ஊருக்குப் போ. புள்ளையப் பாக்கறதுக்கு முன்னாடி குளி. நாத்தம் தாங்கல."

"தாங்கலேன்னா?"

"கல்லு கொட்டு. வேற என்ன?"

பிள்ளை பிறந்து நான்கு மாதம். ஓலே இன்னும் பார்க்கவில்லை.

முளை நின்ற அந்த இடத்தில்தான், கூட வேலை செய்த கேரிட்டி முன்பொரு நாள் கல்லோடு சரிந்தான். அந்த ஏரியில் யாரும் மூழ்குவதில்லை. உப்புத் தண்ணீர் மேலே தள்ளிவிடும். கேரிட்டி மட்டும் வரவில்லை. வேலை மாறும்போது வருகிறவன் சம்மட்டியால் முளைமேல் இரண்டு தட்டு தட்டுவான். நிற்கிறவன் பதிலுக்கு இரண்டு தட்டிவிட்டுப் போவான். "செத்தாலும் ஆள் மாத்தாம நகரமாட்டேன், மேஸ்திரி" என்று கேரிட்டி கிண்டலடிப்பான். அன்று மாற்று ஆள் வருவதற்குள் போய்விட்டான்.

மத்தியானம் எல்லோரும் எஞ்சினைப் பார்க்கப் போனார்கள். பனிமூட்டம் இறங்கி, தண்ணீரும் வானமும் ஒரே வெளுப்பாகி, அழுகிய சேற்றின் வாடை கரையின் இரண்டு பக்கமும் மெல்ல ஏறிவர, ஓலே முளையருகே காவலுக்குத் தனியாக நின்றான். முளை ஈரமாக இருந்தது. நேற்று அடித்ததைவிட ஒரு சாண் உயரமாகவும் தெரிந்தது. காலடியில் கற்கள் ஏறி இறங்கின. மூட்டை சுமப்பவன் மூச்சு வாங்குவதுபோல.

உறுதியாக இருக்கிறதா? சம்மட்டியை எடுத்தான். முளைமேல் தட்டினான்.

ஒன்று. இரண்டு.

தட்டிய பிறகுதான் உறைத்தது.

கீழிருந்து பதில் வந்தது. ஒன்று. இரண்டு.

சரிவில் கற்கள் விலகின. உப்பால் வெளுத்த ஓர் ஆள் சேற்றிலிருந்து ஏறி வந்தான். தோள் இரண்டும் தட்டையாக நசுங்கியிருந்தன. ஓலேயைப் பார்க்கவில்லை. வேலை முடிந்தவனின் நடை. தொழிலாளர் கொட்டகைப் பக்கம் போய்ப் பனியில் மறைந்தான்.

கரை இறங்கியது.

முழங்கால். இடுப்பு. கத்த வாய் திறந்தான். உப்பு.

மேலே கற்கள் மூடின. தோளில் கனம் ஏறியது. ஓலே முதுகை நிமிர்த்தினான். கரை நின்றது.

தொலைவில் எஞ்சின் ஊதியது.