ஆரஞ்சுத் தோப்பில் அடித்த வெள்ளை

டுமீல்!

விடிகாலை மூடுபனியில், தன் ஆரஞ்சுத் தோப்பிலேயே ஹேன்மன் குப்புற விழுந்தான். திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை, பாவம்!

ஜீனோ ஆரஞ்சுக் கிளைகளைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான். துப்பாக்கியைப் பழைய ஒயின் பீப்பாய்க்குள் போட்டு மூடினான்.

'ஒழிஞ்சான்!'

பின்னே? டெமெக்குலா ஊரிலேயே பேர்போன திராட்சைத் தோட்டம் ஜீனோவுடையது... இன்று பாதி விறகு! கொடிக்குள் பாக்டீரியா அடைத்துக்கொண்டு தண்ணீரே ஏறவில்லை. பரப்புவது சாறு உறிஞ்சும் பூச்சி. குளிர்காலம் முழுக்கப் பக்கத்துத் தோப்பில் ஹேன்மனின் ஆரஞ்சு மரத்தில் சொகுசு, வசந்தம் வந்தால் இவன் கொடிக்குத் தாவல். ஏதாவது மருந்து அடிடா என்று ஹேன்மனிடம் எத்தனை முறை கெஞ்சியிருப்பான்! மீதிக் கொடியாவது பிழைக்கட்டும்.

மூடுபனி விலகுவதற்குள் வாசலில் போலீஸ் ஜீப்! டிடெக்டிவ் டொலோரஸ் இறங்கினாள். கூடவே வேளாண் அதிகாரி ப்ரூவிட்; தோப்பைப் பார்க்க வந்து பிணத்தை முதலில் கண்டவர்.

"ஹேன்மனை யாரோ சுட்டுட்டாங்க, ஜீனோ."

"அய்யய்யோ!"

"நீ அந்தப் பக்கம் போனியா?"

"நானா? அவன் மூஞ்சில முழிச்சே ஒரு மாசம் ஆச்சு!"

"அப்ப தோள்ல என்ன வெள்ளையா?"

ஜீனோ தட்டிவிட்டான். போகவில்லை.

"தூசிம்மா... தோட்டக்காரன் சட்டையில தூசி இருக்காதா?"

ப்ரூவிட் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இது வெள்ளைக் களிமண். பூச்சி அண்டாம இருக்க இலையில அடிக்கிறது. நேத்து சாயங்காலம்தான் ஹேன்மன் தோப்பு பூரா அடிச்சான். இந்த வட்டாரத்துல வேற யாரும் அடிக்கலை."

"அ... அடிச்சானா?"

"உனக்காகத்தான்! உன் புலம்பல் தாங்கலைன்னான்."

ஜீனோ தோளை மறுபடி தேய்த்தான். ஆனாலும் வீம்பு விடவில்லை.

"போன வருஷமே அடிச்சிருக்கணும்! நோயே அவன் மரத்துலேர்ந்துதானே வந்துச்சு?"

"யோவ், ஆரஞ்சுல இந்த நோயே கிடையாதுய்யா! பூச்சி அங்க தங்கும், அவ்ளோதான். நோய் உன் சீக்குக் கொடியில இருக்கு. அதை உறிஞ்சிட்டு வந்து நல்ல கொடியைக் குத்துது. வேரோட பிடுங்கிப் போடுன்னு சொன்னேனா இல்லையா?"

"தாத்தா நட்டது சார்... வெட்டிவிட்டா துளிர்க்கும்னு..."

"துளிர்த்துச்சு. அதுலேர்ந்துதான் மத்ததெல்லாம் செத்துச்சு."

ஜீனோ படியில் உட்கார்ந்துவிட்டான். தோட்டத்தைக் கொன்றவனும் அவன்தான்... ஹேன்மனைக் கொன்றவனும் அவன்தான்!

"தப்பான ஆளைச் சுட்டுட்டேனே..." வாய்விட்டே அழுதான்.

டொலோரஸ் விலங்கை எடுத்தாள்.

"மருந்து அடிச்சா பூச்சி சாகும், ஜீனோ... ஆரஞ்சுக்காரனைச் சுட்டா ஆரஞ்சுக்காரன் மட்டும்தான் சாவான்!"